வீட்டில்தானே குடிக்கிறேன் என்பவருக்கு



சில வாரங்களுக்கு முன் நம் மாவட்டத்தில் ஒரு விசுவாசியின் வீட்டுக்கு மாலை ஜெபத்திற்காகச் சென்றிருந்தேன். அது யாருடைய வீடென்று தேட வேண்டாம். அத்தகைய வீடுகள் பல உண்டு. குடும்பத் தலைவர் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவருடைய மனைவி எனக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகனோ ஃபிரிட்ஜைத் திறந்து, ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். "அப்பாவுக்கு ஏழு மணிக்கு வேணும் ஐயா" என்றான். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னொரு நாள் அந்தச் சகோதரரிடம் தனியே பேசினேன். அவர் கோபப்படவில்லை, அமைதியாகவே பதில் சொன்னார்: "ஐயா, நான் கடைவாசலில் நிற்பதில்லை, ரோட்டில் விழுவதில்லை. என் சொந்தக் காசில், அளவோடு, வீட்டில்தானே குடிக்கிறேன்." இந்தப் பதிலை இப்பொழுது பலரிடம் கேட்கிறேன். இது தவறான பதில். ஏன் தவறு என்பதைச் சொல்லவே இவ்வாரம் எழுதுகிறேன்.

நம் நாட்டில் மதுவைப் பற்றிய வழக்கெல்லாம் கடையைப் பற்றிய வழக்காகவே இருந்துவந்திருக்கிறது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948ஆம் ஆண்டிலே, மதராஸ் மாகாணம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. 2003இல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்தத் தொடங்கியது. 2015இல் காந்தியவாதி சசி பெருமாள், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தின்மேல் போராடி உயிர்நீத்தார். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை இருக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. கடை எங்கே இருக்க வேண்டும், எப்பொழுது திறக்க வேண்டும், யார் நடத்த வேண்டும் என்றே எப்பொழுதும் வாதாடினோம். வாங்கிய புட்டி எங்கே போகிறது என்று நாம் கேட்கவில்லை.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது மே மாதத்தில் கடைகள் மீண்டும் திறந்தன. பார்களோ நெடுநாள் மூடியே கிடந்தன. புட்டி வீட்டுக்கு நடந்து வந்தது அப்பொழுதுதான் என்று சொல்லமாட்டேன், முன்பும் வந்ததுண்டு. ஆனால் முன்பு அது மறைந்து வந்தது. பின்பு வெட்கமின்றி வந்து அலமாரியில் தனக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொண்டது.

இதனால் யாருக்கு நட்டம்? 1990களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்துப் பெண்கள் அறிவொளி இயக்கத்தின் மூலம் எழுத்தும் கற்றார்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். அதே காலத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில், இத்தகைய எழுத்தறிவு வகுப்புகளிலிருந்தே பெண்களின் சாராய எதிர்ப்புப் போராட்டம் எழுந்தது. 1993இல் அம்மாநில அரசு சாராயத்தைத் தடைசெய்தது. பெண்கள் ஒன்றுகூடினால் ஒரு கடையை மூட முடியும். தெருவிலுள்ள கடைக்கு எதிரே நூறு பெண்கள் மறியல் செய்யலாம். ஃபிரிட்ஜுக்கு எதிரே யார் மறியல் செய்வது? அங்கே அவள் தனியாக நிற்கிறாள். அண்டை வீட்டார் இல்லை, மகளிர் குழு இல்லை, சபையும் இல்லை. "வீட்டில்தானே" என்று நீங்கள் சொல்லும் அந்த வீட்டில், உங்களைத் தட்டிக்கேட்க எவரும் இல்லை என்பதே அந்தச் சொல்லின் உண்மையான பொருள்.

அடுத்து, "அளவோடு" என்ற சொல். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 77 மில்லி சுத்தச் சாராயம் இருக்கிறது. நூற்றுக்கு 12 பங்கு கொண்ட திராட்சை மதுவில் இதே அளவு சேர வேண்டுமானால் 640 மில்லி குடிக்க வேண்டும். மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வைத்தது. உடல்நலத்திற்குக் கேடில்லாத அளவு என்று மதுவுக்கு எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்தது. அளவு என்பது நம் நாவு வைத்துக்கொண்ட பெயர்.

இவ்விடத்தில் வேதத்தை அறிந்த சிலர் கானாவூர்க் கலியாணத்தையும், தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் கூறிய ஆலோசனையையும் எடுத்துக்காட்டுவார்கள். அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் கானாவிலே இருந்தது திராட்சப்பழத்தின் ரசம். அக்காலத்தார் அதில் தண்ணீர் கலந்து பருகுவதும் வழக்கம். கரும்பாலைக் கழிவுப்பாகைக் காய்ச்சி வடித்த சாராயத்தை அந்தக் கற்சாடிகளில் ஊற்றிப் பார்க்க நமக்கு உரிமையில்லை. பவுல் கொஞ்சம் என்றார், நோயாளி ஒருவருக்குச் சொன்னார். ஏழு மணியானதும் கை நடுங்கித் தம்ளரைத் தேடும் சுகதேகிக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

வேறு சிலர், "ஒரு காலத்தில் காப்பியையும் டீயையும்கூடப் பெரியவர்கள் கண்டித்தார்கள், இன்று பாதிரியாரே குடிக்கவில்லையா?" என்பார்கள். மெய்தான். நூறாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் காப்பியைக் கேடென்று கண்டித்தவர்கள் இருந்தார்கள். நான் அதைத் தினமும் இருவேளை குடிக்கிறேன். ஆயினும் சுக்குக் காப்பி குடித்த தகப்பனின் காலடிச் சத்தத்தைக் கேட்டு, அவன் எந்த மனநிலையில் வருகிறான் என்று கணக்கிடும் பிள்ளையை நான் கண்டதில்லை. டீ குடித்தவர் மறுநாள் காலையில் தாம் என்ன பேசினோம் என்று மனைவியிடம் கேட்டதுமில்லை. கண்டனம் பழையது என்பதால் எல்லாக் கண்டனமும் பொய்யாகிவிடாது.

பிரியமானவர்களே, நோவாவை நினைத்துப் பாருங்கள். வேதத்தில் முதன்முதலாக வெறிகொண்ட மனிதன் அவனே. அவன் ஊரார் நடுவே குடிக்கவில்லை. தன் சொந்தத் தோட்டத்தின் பலனை, தன் சொந்தக் கூடாரத்துக்குள் குடித்தான். அவன் அவமானத்தைக் கண்டவன் அந்நியனல்லன். அவன் பெற்ற பிள்ளை. சாபத்தின் வார்த்தை விழுந்ததோ பேரன்மேல். ஜலப்பிரளயத்துக்குத் தப்பிய குடும்பம் ஒரு கூடாரத்துக்குள் உடைந்தது. "வீட்டில்தானே" என்பவருக்கு வேதம் கொடுக்கும் பதில் ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்திலேயே இருக்கிறது.

இனி என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். கடைவாசலில் விழுந்து கிடக்கும் கூலித்தொழிலாளியைக் குறித்து நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவர் சபைக்கு வந்தால் பின்வரிசையில் அமர்கிறார். வீட்டிலே ஐஸ் போட்டுக் குடிப்பவரோ முன்வரிசையில் அமர்கிறார். சில வேளைகளில் கமிட்டியிலும் இருக்கிறார். அவருடைய காணிக்கையை வாங்கிய கை, அவருடைய அலமாரியைச் சுட்டிக்காட்டத் தயங்கியது. அந்தக் கை என்னுடையது. ஏழையின் பாவத்துக்குப் பிரசங்கமும் வசதியானவரின் பாவத்துக்கு மவுனமும் கொடுப்பது ஊழியமன்று. இதற்காகக் கர்த்தரிடத்திலும் உங்களிடத்திலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

குடிப்பவரைத் தள்ளிவிட நான் சொல்லவில்லை. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் "ஜெபித்துவிட்டு இன்றே விட்டுவிடு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், கூடவே ஜெபியுங்கள். என்னை அழைத்தால் எந்த நேரமானாலும் நானும் உடன் வருவேன்.

அந்தச் சகோதரருக்கும் அவரைப் போன்றோருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை ஏழு மணிக்கு உங்கள் பிள்ளையின் கைகளைப் பாருங்கள். நீங்கள் ஒருபோதும் குடிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்பீர்கள். ஆனால் தட்டில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று அந்தக் கைகளுக்கு இப்பொழுதே தெரியும்.

ஜெபிப்போம்: பரம பிதாவே, கடைகளைக் குறித்து உரக்கப் பேசி, எங்கள் வீடுகளைக் குறித்து மவுனமாயிருந்த எங்களை மன்னியும். எங்கள் மாலை வேளைகளை எங்கள் பிள்ளைகளுக்குத் திருப்பித் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.