அணித்தலைவர் யார் என்பது அற்பக் கேள்வி அன்று

சென்ற வாரம் சக ஆய்வாளர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தபோது, தாராவித் தொண்ணூறடிச் சாலையின் தேநீர்க்கடை ஒன்றில் நான் கேட்ட வாக்குவாதத்தைச் சொன்னேன். சென்னை அணி 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றதுதான் பொருள். “தலைக்கு அப்புறம் யாருன்னு இப்பவாவது புரியுதா அண்ணாச்சி?” என்றான் ஓர் இளைஞன். “ருதுராஜ்தான் கேப்டன்னு அவனுவளே சொல்லியாச்சுலே, பெறவு என்ன?” என்றார் பெரியவர். அரைமணி நேரம் ஓடியது. நான் சொல்லி முடித்ததும் நண்பர் ஒருவர் சிரித்தார். வாடகை, வேலை, மறுசீரமைப்பு என்று தலைக்குமேல் பிரச்சினை இருக்கும்போது எவனோ ஒரு முதலாளியின் அணிக்கு எவன் தலைவனாவது என்று மல்லுக்கட்டுவது நம் மக்களின் அரசியல் வறுமை என்றார். மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தேநீர்க்கடைக்கு எதிராகவும் எனக்குச் சொல்ல இருக்கிறது. முதலில் சிரித்தவர்கள்.

நண்பர்களே, “யார் தலைமை தாங்குவது” என்ற கேள்வி இந்த நகரத்தில் நூறாண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டது. கேட்டவர்கள் அரசியல் வறியவர்கள் அல்லர். பல்வங்கர் பாலு தலித் குடும்பத்தில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். புணேயில் வெள்ளையரின் ஜிம்கானாவில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். இந்துக்களின் அணிக்கு ஆட அழைக்கப்பட்டபோது களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். தேநீர் மட்டும் கூடாரத்துக்கு வெளியே, தனி மண்குவளையில் வந்தது. 1911இல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்குமேல் வீழ்த்தினார். அவருடைய பந்துவீச்சை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அவருடைய தலைமையை ஏற்கமட்டும் மனம் வரவில்லை. அடுத்தவருக்காகப் பந்து வீசலாம். அடுத்தவரை எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லக்கூடாது. சாதியின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் சொல்லிவிடவில்லை.

1920இல் பம்பாய் நாற்கோணப் போட்டியில் இந்து அணித்தலைவர் எம்.டி. பாய் உடல்நலமின்றி முதல் ஆட்டத்திலிருந்து விலகினார். தலைமை, அணியின் மூத்தவரான பாலுவுக்கு வரவில்லை, தேவதருக்குப் போனது. பாலு அணியிலேயே இல்லை. அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் சாதியின் பெயரால் இழைக்கப்படும் அநீதி இது என்று வெளிப்படையாக அறிவித்து விலகினார்கள். செய்தித்தாள்களில் விவாதம் மூண்டது. அடுத்த ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள், பாலு துணைத்தலைவரானார். பாய் சிறிதுநேரம் களத்தைவிட்டு வெளியேற, அந்த நேரத்தில் பாலு அணியை நடத்தினார். 1923இல் விட்டல் முறைப்படி தலைவரானார். ஐரோப்பியர் அணியை வென்றார். ஒரு கேப்டன் பதவிக்கான தகராறு, கோயில் நுழைவுக்கான தகராற்றுக்கு எந்தவிதத்தில் சிறியது?

இது பம்பாய்க்கு மட்டுமான கதையும் அன்று. மேற்கிந்தியத் தீவுகளின் அணிக்கு 1960 வரை எந்தக் கறுப்பினத்தவரும் ஒரு முழுத் தொடருக்குத் தலைவராக்கப்படவில்லை. சி.எல்.ஆர். ஜேம்ஸ் டிரினிடாடில் தாம் நடத்திய ஏட்டில் பிராங்க் வொரல்தான் தலைவராக வேண்டும் என்று இயக்கமே நடத்தினார். 1960–61 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரல் தலைவரானார். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டத்தை நடத்தும் இடம் குவாட்டர்பேக்குடையது. கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ஓட்டம் உண்டு, உடல்வலு உண்டு, ஆட்டத்தை வழிநடத்தும் அறிவு கிடையாது என்ற எண்ணத்தால் நெடுங்காலம் அவர்கள் வேறு இடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ் வாஷிங்டனுக்கு சூப்பர் பவுலை வென்று தரும்வரை, எந்தக் கறுப்பினக் குவாட்டர்பேக்கும் அதை வென்றதில்லை. அந்நாட்டு ரசிகர்கள் இன்றும் குவாட்டர்பேக் யார் என்று இரவெல்லாம் வாதிடுகிறார்கள் என்றால், அதற்கு அடியில் இந்த வரலாறு கிடக்கிறது. ஜேம்ஸின் நூலைப் பாடத்திட்டத்தில் வைத்துப் போற்றும் நாம், அதே கேள்வியைத் தமிழில், தேநீர்க் குவளையோடு ஒருவர் கேட்டால் சிரிக்கிறோம். நம் சிரிப்பு கேள்வியைப் பற்றியதா, கேட்பவரைப் பற்றியதா?

இனி ரசிகர்கள்.

2023 டிசம்பர் 15 அன்று மும்பை இந்தியன்ஸ் நிர்வாகம் ஐந்து கோப்பைகளை வென்ற ரோஹித் சர்மாவை நீக்கி ஹர்திக் பாண்டியாவைத் தலைவராக்கியது. ஹர்திக் குஜராத் அணிக்கு 2022இல் கோப்பையும், அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியும் பெற்றுத் தந்தவர். ஆகவே தேர்வுக்குக் காரணமே இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அந்தக் காரணத்தை நிர்வாகம் ரசிகர் முன் வைத்து வாதிடவில்லை. எதிர்காலத்துக்கான ஏற்பாடு என்ற அளவில் முடித்துக்கொண்டது. ரசிகர்கள் யாரிடம் கேட்டிருக்கவேண்டும்? முடிவெடுத்தவரிடம். யாரைத் தாக்கினார்கள்? நியமிக்கப்பட்டவரை. 2024 ஏப்ரல் 1 அன்று வான்கடேயில் நாணயச் சுழற்சிக்கு வந்த ஹர்திக்கை அரங்கமே ஊளையிட்டு வரவேற்றது. கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள் என்று வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேகர் கூட்டத்திடம் சொல்லவேண்டியிருந்தது. பருவம் முழுதும் அது தொடர்ந்தது. அணி கடைசி இடத்தில் முடித்தது. ஜூன் 29 அன்று உலகக்கோப்பை இறுதிப்போட்டியின் கடைசி ஓவரை அதே ஹர்திக் வீசி வென்று தந்தார். ஜூலை 4 அன்று அதே வான்கடே அவர் பெயரைச் சொல்லி முழங்கியது.

இதை மன்னிப்பு என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊளைக்கும் முழக்கத்துக்கும் இடையில் ஒரு வாதம்கூட மாறவில்லை. மாற வாதமே இருக்கவில்லை. அங்கு நடந்தது தலைமை பற்றிய விவாதம் அன்று, வாரிசுச் சண்டை. அரண்மனை முடிவெடுக்கும், குடிகள் புதிய இளவரசனைத் திட்டுவார்கள் அல்லது வாழ்த்துவார்கள், அரண்மனையை நோக்கி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் இதில் தமக்குப் பங்கில்லை என்று எண்ணவேண்டாம். 2022இல் ஜடேஜாவைத் தலைவராக்கி, எட்டு ஆட்டங்களில் ஆறு தோற்றதும் பதவி தோனியிடமே திரும்பியது. 2024இல் ருதுராஜ், 2025இல் அவர் முழங்கை முறிவால் விலக, நாற்பத்து மூன்று வயதில் மீண்டும் தோனி, அணிக்குக் கடைசி இடம். ஒரு நிறுவனம் பதினேழு ஆண்டுகளில் ஒருவரைத் தவிர எவரையும் தலைவராக வளர்த்தெடுக்கத் திணறியதே, ஏன் என்று கேட்டிருக்கவேண்டும். நாம் கேட்டது “தல இந்த ஆண்டும் ஆடுவாரா” என்பதை மட்டும்தான். பக்தி, கேள்வியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மும்பைத் தமிழர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1966இல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். அந்தப் பதற்றத்தைப் பார்த்த தலைமுறை தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்னும் இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வான்கடேயில் மஞ்சள் சட்டை அணிந்து சென்னை வாழ்க என்று கத்திவிட்டு அச்சமின்றி ரயிலேறி வீடு திரும்புகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் மஞ்சள், தம்பி நீலம். இது சிறிய பேறன்று. இதைக் கேலிசெய்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 2024 ஏப்ரல் 14 அன்று அந்த அரங்கில் யார் யாருக்காக ஆடினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சென்னையின் தலைவர் புணேக்காரர். மும்பையின் தலைவர் பரோடாவில் வளர்ந்தவர். சென்னைக்காக விளாசிய சிவம் துபே மும்பை ஆட்டக்காரர். கடைசி ஓவரில் நான்கு பந்துகளில் தோனி இருபது ஓட்டம் எடுத்தார். சென்னை வென்றதும் அதே இருபது ஓட்டத்தில். எவரும் எந்த ஊருக்கும் ஆடலாம், அதில் குறையில்லை. ஆனால் “நம்ம டீம்” என்று நாம் சொல்லும் பொருளில் அவை நம்முடையவை அல்ல. 2008இல் ஒன்றை ரிலையன்ஸ் 111.9 மில்லியன் டாலருக்கும் மற்றொன்றை இந்தியா சிமெண்ட்ஸ் 91 மில்லியன் டாலருக்கும் வாங்கின. நம்முடையது அன்பு, அவர்களுடையது பத்திரம்.

இந்த ஆரவாரத்துக்குச் சில வாரங்களுக்கு முன் வேறொன்று நடந்தது. 2024 மார்ச் 2 முதல் 4 வரை, தாராவியிலிருந்து மித்தி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பாந்த்ரா–குர்லா வளாக மைதானத்தில், ரஞ்சிக் கோப்பை அரையிறுதியில் மும்பையும் தமிழ்நாடும் மோதின. நாணயச் சுழற்சியில் வென்ற தமிழ்நாட்டுத் தலைவர் சாய் கிஷோர் முதலில் மட்டையாட முடிவெடுத்தார். 146க்கு அணி சுருண்டது. மும்பை 378, தமிழ்நாடு மீண்டும் 162. ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும் தோல்வி. தமிழ்நாட்டின் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்ணி மும்பைக்காரர். ஆட்டம் முதல்நாள் காலையிலேயே கைவிட்டுப் போனது, இந்த ஆடுகளத்தில் முதலில் பந்து வீசியிருக்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தம் அணித்தலைவரைப் பயிற்சியாளர் இப்படிக் கைவிடலாமா என்று தினேஷ் கார்த்திக் கண்டித்தார்.

இங்கே விவாதிக்க உண்மையிலேயே பொருள் இருந்தது. குல்கர்ணியின் வாதத்துக்கு 146 என்ற எண் சான்று. எதிர்வாதத்துக்கும் சான்று உண்டு: மும்பை ஒரு கட்டத்தில் 106க்கு ஏழு விக்கெட்டுகளை இழந்து நின்றது. சாய் கிஷோரே ஆறு விக்கெட் எடுத்தார். அதன்பின் ஷர்துல் தாக்கூர் 109, தனுஷ் கோட்டியன் ஆட்டமிழக்காமல் 89. கடைசி மூன்று விக்கெட்டுகளுக்கு மும்பை சேர்த்தது 272. அப்படியானால் ஆட்டம் தோற்றது நாணயம் சுழன்ற காலையிலா, வால்பகுதியை வீழ்த்த முடியாத மறுநாளா? நான் இரண்டாவது கட்சி. முதலில் மட்டையாடியது பிழை என்றே வைத்துக்கொண்டாலும், எதிரணியை 106க்கு ஏழில் நிறுத்தியபோது அந்தப் பிழை திருத்தப்பட்டுவிட்டது. நீங்கள் மறுக்கலாம், மறுக்க உங்களிடம் எண்களும் ஆடுகளமும் இருக்கின்றன. அந்த வாரம் நான் கேட்ட தேநீர்க்கடைகளில் இந்தப் பேச்சே எழவில்லை. ரோஹித்–ஹர்திக் வழக்குதான் நடந்துகொண்டிருந்தது.

தலைமை என்பது நட்சத்திர ஒளியன்று, கற்றுக்கொள்ளும் தொழில் என்பதை மாட்டுங்கா வட்டாரம் நன்கறியும். தாதர் யூனியனை நடத்திய வாசு பராஞ்சபே ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. ஆனால் அவர் தலைமை பற்றிப் பம்பாய் கிரிக்கெட் இன்றும் பேசுகிறது. 1971இல் பட்டோடியை நீக்கி அஜித் வாடேகரைத் தலைவராக்கியது தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சண்டின் முடிவு வாக்கு. அது சரியா தவறா என்று நாடு வாதிட்டது. முடிவெடுத்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திட்டவும் பாராட்டவும் ஒரு முகவரி இருந்தது. அக்குழுக்களில் சாதியும் மண்டலப் பூசலும் மலிந்திருந்தன என்பதை 1920ஐச் சொன்ன நானே மறைக்கமாட்டேன். ஆனால் 1920இன் அநீதியை எதிர்க்க முடிந்ததற்குக் காரணம், இந்து அணி தன்னை ஒரு சமூகத்தின் அணி என்று சொல்லிக்கொண்டது. ஆகவே அந்தச் சமூகத்துக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. இன்றைய உரிமையாளர் “உங்கள் அணி” என்று விளம்பரத்தில் சொல்கிறார். பதில் சொல்லும் கடமையை மட்டும் ஏற்பதில்லை.

ஆகவே ரசிகர்களிடம் நான் கேட்பது விவாதத்தை நிறுத்துங்கள் என்றன்று, கூட்டுங்கள் என்பது. ஆட்டக்காரரை விடுத்து நிர்வாகத்திடம் காரணம் கேளுங்கள். “உங்கள் அணி” என்று அழைத்துச் சீட்டும் சட்டையும் விற்பவரிடம், ஏன் இவரை, ஏன் இப்போது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த ரஞ்சி ஆட்டம் ஆற்றுக்கு அக்கரையில் நடக்கும்போது போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் வாதத்துக்குத் தீனி அதிகம்.

கல்வியாளர் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். துறைத்தலைவரும் துணைவேந்தரும் எந்தக் காரணமும் சொல்லப்படாமல் நியமிக்கப்படும்போது நாம் வாழ்த்துமடல் எழுதிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறோம். தனக்கு ஒரு பங்கும் இல்லாத நிறுவனத்தின் தலைவர் தேர்வைப் பற்றி அரைமணி நேரம் தொண்டை வறளப் பேசும் அந்த இளைஞனிடம், இடம் மாறிப்போன ஒரு குடிமைப் பழக்கம் இருக்கிறது. நம்மிடம் அதுவும் இல்லை. சிரிப்பதற்குமுன் அதை எண்ணிப் பாருங்கள்.