இடுப்பு டேலி ஆகிறதா?

ஒரு காலத்தில் ரயில்வே பிளாட்பாரத்தில் எடை மெஷின் ஒன்று நிற்கும். கலர் கலராய் பல்பு, உள்ளே சுற்றுகிற சக்கரம், காசு போட்டால் 'டக்'கென்று வந்து விழுகிற அட்டை. அட்டையில் எடையும் இருக்கும், கூடவே ஒரு வரி ஜோசியமும் இருக்கும். 'உங்கள் நல்ல மனதைப் பலர் புரிந்துகொள்ளவில்லை' என்கிற ரீதியில். பிளாட்பாரத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அதே நல்ல மனதுதான் என்றாலும், நமக்கென்று படித்தால் ஒரு சந்தோஷம். எடையை நம்பினோம், ஜோசியத்தை ரசித்தோம், அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினோம்.

இப்போது மெஷின் பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது. உயரம் தட்டு, எடை தட்டு, ஒரு நம்பர் வரும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சிக்னல் லைட்டும் உண்டு. ஒரே கஷ்டம், அதில் எது எடை, எது ஜோசியம் என்று பிரித்துப் போடவில்லை.

மாசக் கடைசியில் கணக்கு எழுதிக் கொடுக்க நான் போகும் ஆபீஸ் ஒன்றில் கேஷியர் நண்பர் இருக்கிறார். வயது 36. உயரம் 170 செ.மீ., எடை 65 கிலோ. போன வருஷம் ஒரு நாள், ஒரு கையில் மெதுவடை, மறு கையில் போன்.

"பார்த்தீங்களா ஸார், பி.எம்.ஐ. இருபத்திரண்டரை. பச்சை!"

கணக்கு சரிதான். 1.70-ஐ 1.70-ஆல் பெருக்கினால் 2.89. அறுபத்தைந்தை அதால் வகுத்தால் 22.5. உலகத்துக்கு 25 வரை பாஸ். நம்ம ஊர் உடம்புக்கு அது ஆகாது என்று 2009-ல் இந்திய நிபுணர்கள் கூடி 23-க்கு மேல் போனாலே எடை அதிகம் என்று வரம்பைக் குறைத்தார்கள். அதிலும் நண்பர் பாஸ். ஆனால் சட்டையின் நாலாவது பட்டன் மட்டும் பாஸ் ஆனமாதிரி தெரியவில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்கிற நிலையில் இருந்தது.

இந்த பி.எம்.ஐ.யின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். டாக்டர் யாரோ கண்டுபிடித்தது என்றுதான் நாம் நினைப்போம். அதுதான் இல்லை. அடால்ஃப் கெட்லே என்று பெல்ஜியம் நாட்டுக்காரர், 1796-ல் பிறந்தவர். தொழில் வானசாஸ்திரம். நட்சத்திரத்தை அளந்து அலுத்துப்போய் மனுஷனை அளக்க ஆரம்பித்தார். 'சராசரி மனிதன்' என்று ஒருவன் எப்படி இருப்பான் என்பதுதான் அவருக்கு ஆராய்ச்சி. வளர்ந்தவர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது என்று 1835-ல் புத்தகம் போட்டார். யாருக்குத் தொப்பை, யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் அவர் கேட்கவே இல்லாத கேள்வி.

அப்புறம் நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, 1972-ல் ஆன்ஸெல் கீஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதைத் தூசி தட்டி 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார். ஆயிரக்கணக்கான பேரை மொத்தமாக ஒப்பிட இது சௌகரியம் என்பதுதான் அவர் கட்சி. அது எப்படியோ மெள்ள நகர்ந்து டாக்டர் ரூமுக்கும், அங்கிருந்து நம் பாக்கெட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நடுவில் கூத்தும் நடந்தது. 1998-ல் அமெரிக்காவில் 'எடை அதிகம்' என்பதற்கான வரம்பை ஆண்களுக்கு 27.8-லிருந்து 25-க்கு இறக்கினார்கள். ராத்திரி நார்மலாகப் படுத்த கோடிக்கணக்கான பேர் காலையில் குண்டாக எழுந்தார்கள். சாப்பிடாமலே!

நான் பி.காம். அதனால் எனக்கு இதைப் பார்த்ததும் ட்ரயல் பேலன்ஸ்தான் ஞாபகம் வந்தது. முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகிவிட்டது என்பதால் கணக்கில் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு இடத்தில் ஐந்நூறு குறைத்து எழுதி, இன்னொரு இடத்தில் ஐந்நூறு கூட எழுதினால் மொத்தம் அழகாக டேலி ஆகும். இதற்குப் பெயர் காம்பன்சேட்டிங் எர்ரர். ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிடும். புத்தகத்தைத் திறந்து வரிவரியாய்ப் பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

நம்ம ஆபீஸ் உடம்பு அந்த ரகம். கை கால் ஒல்லி, அங்கே தசை ஐந்து கிலோ குறைவு. வயிற்றில் கொழுப்பு ஐந்து கிலோ கூடுதல். தராசுக்கு என்ன தெரியும்? 65 கிலோ, டேலி! கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிற அண்ணனுக்கு இதே கணக்கு தலைகீழாய்ப் போகும். தோளும் தொடையும் தேக்கு மரம், அதனால் எடை கூட, போனில் சிவப்பு லைட். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நமக்குப் பச்சை. நியாயமா இது?

நான் கற்பனையாய்ச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2004-ல் 'லான்செட்' என்கிற பெரிய மருத்துவப் பத்திரிகையில் ஒரு போட்டோ வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சாக 22.3. ஸ்கேன் எடுத்து உடம்புக் கொழுப்பைப் பார்த்தால், லண்டன்காரருக்கு 9.1 சதவீதம். புனேக்காரருக்கு 21.2! இரண்டு மடங்குக்கும் மேல். ஏன் என்றும் அவர்களே வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். லண்டன் டாக்டர் முடிந்தபோதெல்லாம் மாரத்தான் ஓடுபவர். புனே டாக்டரும் ஓடுகிறவர்தான், தினம் காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள்! பரம்பரை, பிறந்தபோது இருந்த எடை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் லிஃப்ட்டைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம் நமக்கெல்லாம் தெரிந்த ஓட்டம்தானே.

சரி, பி.எம்.ஐ. வேண்டாம் என்றால் எதை அளப்பது? இடுப்பை. இதற்கு ஸ்கேன் வேண்டாம், போன் வேண்டாம். டெய்லரிடம் இருக்கிற இஞ்ச் டேப் போதும்.

டெய்லர்கள் இருந்தவரை நமக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும், இலவச செக்கப் நடந்துகொண்டிருந்தது. டேப்பைச் சுற்றியதும் நாம் மூச்சை உள்ளே இழுப்போம். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "மூச்சை விடுங்க ஸார், பேண்ட் போட்டுக்கிட்டு மூச்சு விட வேணாமா?" என்பார். "போன தடவை முப்பத்திரண்டு, இப்ப முப்பத்தி நாலு" என்று பையனிடம் சத்தமாய்ச் சொல்வார், கடையில் இருக்கிற நாலு பேர் காதில் விழும்படி. அந்த வெட்கமே ஒரு வைத்தியம். ரெடிமேட் வந்தது, வெட்கம் போயிற்று. கடையில் '34' என்று போட்ட பேண்ட்டை டேப் வைத்து அளந்தால் சில கம்பெனியில் 36 காட்டும். வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாதாம்! போதாக்குறைக்கு, தொப்பை முன்னேறும்போது பேண்ட் மரியாதையாய் ஒதுங்கிக் கீழே இறங்கிவிடுகிறது. பத்து வருஷமாய் அதே 34 போடுகிறேன் என்று பெருமைப்படுகிறவர்களைப் பாருங்கள். 34 இருக்கும். இடுப்பில் இருக்காது.

அதனால் பேண்ட் சைஸ் சாட்சி செல்லாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நட்டநடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். மூச்சைச் சாதாரணமாய் வெளியே விட்ட பிறகு, இறுக்காமல். நம்ம ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. வரம்பு, அதாவது சுமார் முப்பத்தைந்தரை இஞ்ச். பெண்களுக்கு 80.

டேப்பும் இல்லையா? ஒரு நூல் எடுங்கள். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்து வெட்டுங்கள். இரண்டாய் மடியுங்கள். மடித்த நூல் இடுப்பைச் சுற்றி வந்து முனையோடு முனை தொட வேண்டும். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு. இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு வழிகாட்டுகிற 'நைஸ்' என்ற அமைப்பு 2022-ல் இதைத்தான் சிபாரிசு செய்தது. நமக்கு இது புதுசே இல்லை. பிறந்த குழந்தைக்கு அரைஞாண் கயிறு கட்டி, அது இறுகுகிறதா, தொங்குகிறதா என்று பார்த்தே பிள்ளை தேறினானா என்று சொன்ன பாட்டிகளின் ஊர் இது. பெரியவனானதும் அவிழ்த்துவிட்டோம். கட்டியிருந்தால் பல பேருக்கு நாலைந்து கயிறு அறுந்திருக்கும்.

நண்பரை பாத்ரூம் பக்கம் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு டேப்பைச் சுற்றினேன். (வெளியே என்ன நினைத்தார்களோ!) 37 இஞ்ச். 94 செ.மீ. அவர் உயரத்தில் பாதி 85.

முகம் கொஞ்சம் மாறியது. "அதுக்கென்ன ஸார், எடை கரெக்டாத்தானே இருக்கு..."

அப்போதுதான் எனக்கு அந்தப் பச்சை லைட்டின் உபயோகம் புரிந்தது. அவர் அப்பாவுக்கு இருபது வருஷமாய்ச் சர்க்கரை. போன தீபாவளிக்கு முன்னால் கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். செருப்புக் கடித்த புண். வீட்டில் 'நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துடுடா' என்று அம்மா சொல்லும்போதெல்லாம் இவர் போனைக் காட்டியிருக்கிறார். அந்த 22.5 அவருக்கு லீவ் லெட்டர்.

"டெஸ்ட் எடுத்தா இருக்குன்னு தெரிஞ்சுடும் ஸார்" என்றார் மெதுவாய்.

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு பேப்பரை எடுத்துக் கோடு போட்டேன். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஒரு கணக்கு உண்டு. உடம்பில் தெரியாமல் சர்க்கரை இருக்கக்கூடிய ஆளா என்று பார்ப்பதற்கு. நாலே தலைப்பு, கூட்டல் தெரிந்தால் போதும். வயது 35-க்குக் கீழே சைபர், 35-லிருந்து 49 வரை 20, ஐம்பது ஆனால் 30. இடுப்பு ஆண்களுக்கு 90-க்குள் சைபர், 90-லிருந்து 99 வரை 10, நூறு தொட்டால் 20. (பெண்களுக்கு இதே வரிசையில் பத்துப் பத்து செ.மீ. குறைத்துக்கொள்ளவும்.) உடற்பயிற்சியும் செய்து உடலுழைப்பு வேலையும் பார்த்தால் சைபர், இரண்டில் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லாமல் உட்கார்ந்தே இருந்தால் 30. அப்பா அம்மா இருவரில் ஒருவருக்கு சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

நண்பருக்கு: வயது 20, இடுப்பு 10, உட்கார்ந்த வேலை 30, அப்பா 10. ஆக மொத்தம் 70. முப்பதுக்குக் கீழே நிம்மதி, அறுபது தொட்டாலே ஆபத்து அதிகம்.

கேஷியர் இல்லையா, மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். எழுபதுதான் வந்தது.

இதுவும் ஒரு நம்பர்தானே, இதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பீர்கள். கேளுங்கள். இது 'உனக்கு வியாதி' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. 'லேபுக்குப் போ' என்று மட்டும் சொல்லும். நம்பர் அவ்வளவு சொன்னால் போதும். சில ஜிம்களில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள், வெறும் காலோடு ஏறி நின்றால் லேசாய்க் கரண்ட் விட்டு 'உங்கள் உடம்பின் வயது 47' என்று சீட்டு கொடுக்கும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் கணக்கு மாறுகிற மெஷின் அது. சீட்டைக் கிழித்துக் கொடுத்த கையோடு பையன் புரோட்டீன் பவுடர் டப்பாவையும் நீட்டுவான். ரயில்வே மெஷினாவது ஜோசியத்தோடு விட்டது.

அடுத்த வாரம் நண்பர் வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்தார். குளுக்கோஸ் தண்ணி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும். இரண்டாவது டெஸ்டில் 162. நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும், இருநூறு தொட்டால் சர்க்கரை வியாதி. வாசல்படியில் நிற்கிறார்.

டாக்டர் அவரிடம் சொன்ன விஷயம் 2006-ல் வெளியான ஒரு சென்னை ஆராய்ச்சி. இதே மாதிரி வாசல்படியில் நின்ற ஐந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களை மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கமாய் இருப்பதுபோலவே இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் உள்ளே போய்விட்டார்கள். நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களில் 39 பேர். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 40. நடை கிட்டத்தட்ட மாத்திரைக்குச் சமம், அதுவும் கடையில் வாங்க வேண்டாதது.

நண்பர் மறுபடியும் பேப்பரை எடுத்தார். வயதையும் அப்பாவையும் ஒன்றும் செய்ய முடியாது, அது ஃபிக்ஸட். தினம் நடந்தால் முப்பது இருபதாகும். இடுப்பு 90-க்குள் வந்தால் பத்து சைபராகும். எழுபது ஐம்பதாய்க் குறையும். ஒரு பஸ் ஸ்டாப் முன்னால் இறங்கி நடக்க ஆரம்பித்தார். சாயங்கால வடை வாரத்துக்கு ஒன்று என்று யூனியனோடு ஒப்பந்தம். (யூனியன் என்பது அவர் மனைவி.) எட்டு மாசத்தில் எடை மூன்றே கிலோதான் குறைந்தது, பி.எம்.ஐ. அன்றைக்கும் பச்சை, இன்றைக்கும் பச்சை. இடுப்பு மட்டும் முப்பத்தைந்தே கால். போன மாசம் அதே டெஸ்டில் 136.

இப்போது அவருக்கு ஒரே பிரச்னை. பேண்ட் லூஸாகிவிட்டது, கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கவுண்டருக்கு வருகிற ஒவ்வொருவரும் குனிந்து ரகசியமாய்க் கேட்கிறார்கள்:

"என்ன ஸார், இப்படி இளைச்சுட்டீங்க... சுகரா?"