வாடகை வீடும் நீதித் தராசும்

திருச்சிராப்பள்ளியில் மாதம் இருபதாயிரம் ரூபாய் ஊதியம் பெறும் நம் சகோதரர் ஒருவர் வாடகைக்கு வீடு தேடிப் புறப்பட்டால், எந்த வாசலில் முதலில் நிற்பார்? பாலக்கரையிலோ தென்னூரிலோ காஜாமலையிலோ தம் சமுதாயத்தவர் வாசலில்தான் நிற்பார். பள்ளிவாசல் அருகில் வேண்டும். பிள்ளைகள் ஓத மதரஸா அருகில் வேண்டும். பிற தெருக்களில் பெயரைக் கேட்டவுடனேயே 'வீடு பேசி முடிந்துவிட்டது' என்று கதவடைப்போர் உண்டு என்பதும் அவர் அறிந்ததே. இந்த அநீதியைப் பற்றி நம் மேடைகள் நெடுங்காலமாகப் பேசி வருகின்றன, பேசவும் வேண்டும். ஆனால், நம்மவர் வாசலில் நிற்கும் நம்மவருக்கு நிகழ்வது என்ன? அதைப் பற்றி எந்த மேடையும் வாய் திறப்பதில்லை. ஆகவே, அதைப் பற்றியே எழுதத் துணிந்தோம். கசப்பாக இருப்பின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். வாடகை மாதம் 8,000 ரூபாய் என்று கொள்வோம். பத்து மாத முன்பணம் 80,000; முதல் மாத வாடகை 8,000; தரகருக்கு ஒரு மாத வாடகை 8,000. ஆக, சாமான்களை வண்டியில் ஏற்றுமுன்பே 96,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து மாத ஊதியத்தை உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலன்றி இத்தொகை சேராது. சேராதபோது மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. வட்டி ஹராம் என்று உறுதியாக நம்பும் வீட்டுக்காரர், தம் வீட்டுக்குக் குடிவருபவரை வட்டிக் கடையின் வழியாகவே வரச் செய்கிறார்!

நாமும் ஆசிரியப் பணியில் ஆறு வாடகை வீடுகள் மாறியவர்களே. அவற்றுள் ஒன்றைக் காலி செய்த அன்று, வெள்ளையடிக்கவென ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார் உரிமையாளர். எஞ்சியதை, 'வேறு குடி வந்ததும் தருகிறேன்' என்றார். நான்கு மாதம் நடையாய் நடந்தோம். அவர் ஐவேளையும் முதல் வரிசையில் நின்று தொழுபவர். அவரைத் தீயவர் என்று நாம் சொல்லவில்லை. முன்பணம் என்பது தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று அவருக்கு எவரும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய ஆலிம்களாகிய நாமும் அந்தக் குற்றத்தில் பங்குடையோம்.

மார்க்கம் வாடகையைப் பேசாது விட்டுவிடவில்லை. ஹிதாயா முதலிய ஃபிக்ஹு நூல்களில் 'கிதாபுல் இஜாரா' என்று தனிப்பகுதியே உண்டு. பெறும் பயனும் கொடுக்கும் கூலியும் இன்னதென இருவருக்கும் தெளிவாயிருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாட்டுச் சட்டமும் இதற்கு அப்பாற்பட்டதன்று. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. முன்பணத்துக்குப் பொது அளவாக மூன்று மாத வாடகையைக் குறிக்கிறது. காலி செய்தபின் நிலுவை போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. இருவரும் உடன்பட்டால் கூடுதலாகவும் வாங்கலாமே என்று வாதிடுவோர் உண்டு. தலைக்குமேல் கூரை வேண்டித் தவித்து நிற்பவன் தரும் சம்மதம் எத்தகைய சம்மதம்?

மாத வாடகைத் தொல்லையே வேண்டாமென்று ஒத்திக்குப் போவோரும் உளர். மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ உரிமையாளரிடம் மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் கொடுத்ததை முழுமையாகத் திரும்பப் பெறுவதே ஒத்தி. இரு தரப்புக்கும் இனிப்பாகவே தோன்றும். ஆனால், கொடுத்த பணம் கடன்; வீடு அதற்கு ஈடு; அங்கே இலவசமாகக் குடியிருப்பது கடனால் விளைந்த பயன். கடனுக்கு நிபந்தனையாகப் பெறும் பயன் வட்டியின் பாற்பட்டது என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. முற்காலத்தில் புகாரா நாட்டு ஹனஃபி அறிஞர் சிலர் 'பைஉல் வஃபா' என்னும் பெயரில் இதையொத்த ஏற்பாட்டுக்கு இடம் தந்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவர். மக்களின் நெருக்கடி கருதித் தந்த சலுகையை, மூன்றாம் மாடி எழுப்பப் பணம் திரட்டும் வழியாக்குவது முறையாகுமா?

சிறியதாகத் தோன்றிப் பெரிய அநீதியாய் இருப்பது மின்கட்டணம். 2016 முதல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஒரே இணைப்பிலிருந்து நான்கு குடிகளுக்குத் தனித்தனி உள்மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிக்கும் வீடுகள் உண்டு. வாரியம் தந்த இலவசம் யாருக்குப் போயிற்று? திருமறையின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரின் பெயராலேயே வழங்குகிறது. வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரைக் கண்டிப்பது அது. அதை ஓதுகையில் நம் மனக்கண்ணில் மளிகைக் கடைத் தராசுதான் தோன்றுகிறது. மாடிப்படிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் மீட்டரும் தராசுதான் என்பதை மறந்துவிடுகிறோம்.

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வாடகையை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்போரும், வீட்டைப் பாழாக்கிச் செல்வோரும் உண்டு. கணவரை இழந்து ஒரு மாடி வாடகையில் காலந்தள்ளும் தாய்மாரும் உரிமையாளருள் உளர். அவர்களுக்குக் காப்பு, எழுதிப் பதிந்த ஒப்பந்தமே. பத்து மாத முன்பணம் அன்று. குடியிருந்து பயனை நிறைத்துப் பெற்று, வாடகையைக் குறைத்துத் தருபவனும் அதே அத்தியாயத்தின் கண்டிப்புக்கு உரியவனே.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தமக்கு இல்லம் அமையும்வரை அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் தங்கினார்கள். விருந்தினர் கீழ்த்தளத்தில் இருக்கத் தாம் மேல்தளத்தில் நடமாடுவதா என்று அந்த வீட்டுக்காரர் மனம் வருந்தினார். மீலாது மேடைதோறும் இச்செய்தியைக் கேட்டுக் கண்கலங்குகிறோம். வீடு திரும்பியதும், நம் வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும் வேறு கணக்குப் பேசுகிறோம்.

நாம் வேண்டுவது தானமன்று, நீதியே. வாடகையைக் குறையுங்கள் என்றுகூட நாம் கேட்கவில்லை. நிகாஹ் பதிவேடு வைத்திருக்கும் ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் வாடகைப் பதிவேடு ஒன்றும் வைக்கட்டும். முன்பணம் மூன்று மாதம்; காலி செய்யும் நாளிலேயே அதைத் திருப்பித் தருதல்; குடிக்கொரு மின் இணைப்பு, இயலாவிடில் வாரியத்துக்குக் கட்டும் தொகையை மட்டுமே பங்கிட்டுப் பெறுதல் என்னும் மூன்றுக்கும் ஒப்பியவர் பெயர்களை ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கட்டும். வக்ஃபு மனைகளில் வரிசையாகக் கடை கட்டும் முத்தவல்லிகள், அவற்றின் மேல்தளத்தில் எளியோர்க்கு நான்கு வீடுகளும் கட்டட்டும்.

பிறர் நமக்கு வீடு மறுப்பதைக் கண்டித்து அதன்பிறகும் பேசுவோம். அன்று நம் குரலை எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது.