முடிந்துபோன ஊர் என்று யார் சொன்னது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒருவர் வாயெடுத்தால் போதும், அறிவுரை வந்து குவிந்துவிடும். "வேலைக்குப் போப்பா. ஆனா குடித்தனம் அங்க வேணாம். அது முடிஞ்சுபோன இடம்." மாமா சொல்வார், கூட வேலை பார்ப்பவர் சொல்வார், வீட்டுத் தரகர் சொல்லியே தீருவார். பழைய வீடுகள், வயதானவர்கள், குறுகிய தெருக்கள், இனி அங்கே வளர என்ன இருக்கிறது என்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆர். பக்கம் புது ஃப்ளாட் பார், அங்கிருந்து போய் வா என்பார்கள். சென்னையில் இந்தப் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள் ஏராளம். இது தவறான யோசனை. ஒரு குடும்பத்தின் நேரத்தையும் உடம்பையும் தின்கிற யோசனை.

வளர்ச்சி, வளர்ச்சி என்கிறார்களே, அது யாருக்கு வளர்ச்சி? ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டு ஐந்து வருடம் கழித்து விற்கிறவருக்கு அது லாபம். வாடகைக்குக் குடிபோகிறவருக்கு மனை விலை ஏறினால் வாடகைதான் ஏறும். விற்கப்போகிறவர் கேட்க வேண்டிய கேள்வியை வாழப்போகிறவர் தலையில் கட்டிவிட்டோம். இதை முதலில் செய்தவர்கள் மனை விளம்பரக்காரர்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் அதையே திருப்பிச் சொல்வதுதான் எனக்கு வருத்தம்.

கணக்கை நேராகவே போட்டுப் பார்க்கலாம். ஓ.எம்.ஆரில் இருக்கிற சோழிங்கநல்லூரில் வீடு, அம்பத்தூரில் வேலை என்றால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்பது மழை இல்லாத நாளின் கணக்கு. மாதம் 25 நாள் வேலை என்றால் 75 மணி நேரம். மாதத்தில் மூன்று முழு நாள், இரவும் பகலுமாக, பேருந்திலும் பைக்கிலும் போய்விடுகிறது. குழந்தை தூங்கிய பிறகு வீடு திரும்புகிற அப்பாக்களையும், இரவு ஒன்பது மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிற அம்மாக்களையும் இந்த யோசனைதான் உருவாக்கியிருக்கிறது.

அம்பத்தூர் பழைய ஊர்தான். அந்தப் பழமையால் கிடைத்தது என்ன என்று ஏன் யாரும் கேட்பதில்லை? ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியதே, அந்தத் தடத்தில் இருக்கிற ஊர் இது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1964இல், இன்று எஸ்டேட் என்று சொல்கிற தொழிற்பேட்டையை அரசு தொடங்கியது. லேத் பட்டறையிலும் பிரஸ் ஷாப்பிலும் உழைத்தவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பி.எஃப். கடன் போட்டு, கிருஷ்ணாபுரத்திலும் வெங்கடாபுரத்திலும் விஜயலட்சுமிபுரத்திலும் ஒவ்வொரு அறையாகக் கட்டிய வீடுகள்தான் இன்றைய தெருக்கள். அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் வந்தன, அவர்கள் மருந்துச் சீட்டுக்காக மருந்துக் கடைகள் வந்தன. டன்லப் போன்ற பெரிய ஆலை மூடிப்போனதையும் இந்த ஊர் பார்த்தது. ஆலைகள் இருந்த இடங்களில் சில இன்று ஐ.டி. வளாகங்கள். முடிந்துபோன ஊருக்கு ஐ.டி. கம்பெனி எதற்காக வரும்?

காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒவ்வொரு மின்சார ரயிலும் நிற்கும்போது நீலச் சட்டை போட்டவர்களும் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறவர்களும் ஒன்றாக இறங்கி எஸ்டேட் பக்கம் நடக்கிறார்கள். ஒரு டீ விலைகூட ஆகாத டிக்கெட். ஓ.எம்.ஆரில் துரைப்பாக்கத்துக்கோ நாவலூருக்கோ போக இப்படி ஒரு ரயில் இல்லை. அங்கே ஐ.டி. நெடுஞ்சாலை 2008இல் திறந்தது, கட்டடங்கள் வந்தன, மெட்ரோவுக்காகச் சாலையை இப்போதுதான் தோண்டியிருக்கிறோம். மாநகராட்சிக் கணக்கில் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றும் இல்லை; அம்பத்தூரும் சோழிங்கநல்லூரும் ஒரே சமயத்தில், 2011இல், சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தவைதான். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஊழியர்களுக்குச் சொன்னவை எந்தச் சாலையின் கம்பெனிகள் என்பது எல்லோருக்கும் தெரியும். புது இடத்துக்கு முதலில் போகிறவர்கள், தண்ணீர் லாரிக்குப் பணம் கட்டிக்கொண்டு, ஊர் உருவாகும்வரை காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புக்குத்தான் வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கிருஷ்ணாபுரத்தில் நண்பருக்காக ஒரு மாடி போர்ஷன் பார்க்கப் போயிருந்தேன். கீழே வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற டூல் ரூம் தொழிலாளி. சிவப்பு ஆக்சைடு தரை, கொல்லையில் கிணறு, அதன் மேல் கம்பி வலை, பக்கத்தில் முருங்கை. மாடிப்படி அடியில் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. அதை அவரே காட்டினார். "தளம் ஒரு தடவை கட்டாயம் பார்க்கணும் தம்பி, வடக்கு மூலை ஒழுகும். தண்ணிக்கு லாரி கூப்பிட்டதில்ல. மே மாசம் மோட்டார் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான்." ஒழுகும் மூலையைத் தானே சொல்கிற வீட்டுக்காரரும், பளபளக்கும் மாதிரி ஃப்ளாட்டைக் காட்டிவிட்டுப் போர்வெல்லைப் பற்றி வாய் திறக்காத விற்பனையாளரும் ஒன்றல்ல.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டி நகராது. எஸ்டேட் உள்சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் பறித்த பள்ளங்களை மழைக்காலத்தில் தண்ணீர் மூடிவிடும். பக்கத்துக் கொரட்டூர் ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்தன. 2015 வெள்ளத்தில் கொரட்டூர் தெருக்கள் மூழ்கின. ஆனால் அந்த ஏரிக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள் அதே ஊர்க்காரர்கள். பல வருடம் ஒரே தெருவில் இருந்து, பிள்ளை வளர்த்து, இனி வேறெங்கும் போவதில்லை என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு வழக்கை நடத்துகிற பொறுமை வரும். வயதானவர்கள் நிறைந்த ஊர் என்று முகம் சுளிக்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். பகலில் ஆள் இருக்கிற தெரு அது. பள்ளி விட்டு வருகிற குழந்தையின் பெயர் தெரிந்த ஆள் திண்ணையில் இருக்கிற தெரு.

அம்பத்தூருக்கு வருகிற உண்மையான ஆபத்தை இந்த அறிவுரைக்காரர்கள் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்காரர் காலமாகிறார். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பில்டர் வந்து ஜாயின்ட் வென்ச்சர் பேசுகிறார். கிணற்றை மூடி, மரத்தை வெட்டி, ஒரு குடும்பம் இருந்த மனையில் எட்டு குடும்பம் குடியேறுகிறது. தெரு அதே அகலம், குழாய் அதே குழாய், சாக்கடையும் அதே. எட்டு காரும் தெருவிலேயே நிற்கின்றன. ஊருக்கு வயதாவதால் வருகிற கேடு இல்லை இது. தெருவின் கொள்ளளவைப் பார்க்காமல் கட்டட அனுமதி கொடுப்பதால் வருவது. கேள்வி கேட்க வேண்டியது மாநகராட்சியையும் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வையும். ஊரையே ஒதுக்கிவைத்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க இளைஞர் ஒருவரும் அங்கே மிஞ்ச மாட்டார். ஊர் முடிந்துவிட்டது என்ற பேச்சு ஊரை முடித்துவைப்பது இப்படித்தான்.

எல்லோரும் அம்பத்தூருக்குக் கிளம்புங்கள் என்பதல்ல என் வாதம். மனைவிக்கு ஓ.எம்.ஆர். பக்கம் சிறுசேரியில் வேலை என்றால் கணக்கே வேறு. இருவர் பயணத்தையும் சேர்த்துப் பார்த்து நடுவில் ஓர் இடம் தேட வேண்டும். வீட்டில் மூச்சுத்திணறல் உள்ளவர் இருந்தால் பட்டறைகளை ஒட்டிய தெருக்கள் வேண்டாம். மற்றபடி முடிவெடுக்கிறவர்கள் தரகரை விட்டுவிட்டு ஒரு மழை நாளில் தனியாகப் போய்ப் பாருங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா? 2015இல் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது? ஸ்டேஷனுக்கு நடந்து போக முடியுமா? இதையெல்லாம் எதிர் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அவர் மறைக்காமல் சொல்வார். பதில் சரியாக இருந்தால் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, தளம் பூச ஆகும் செலவு யாருடையது என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.