வாளியும் கயிறும்

2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பூமிக்கடியில் தண்ணீர் இருந்தும், இறைக்கப் பல நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் வந்ததும் வீட்டுக் கிணற்றைக் குப்பை கொட்டித் தூர்த்தோமே, அதற்குக் கொடுத்த விலை அது! கிணறு மிஞ்சிய வீட்டுக்கு வாளியும் கயிறும் இராட்டினமும் போதும். தண்ணீர் கலங்கலா? மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, நீரூற்றி வைத்தால் வண்டல் அடியில் படியும். (தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும், கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.) நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம், நல்லதுதான். இவ்வாண்டு, கிணற்று வேலை தெரிந்த ஊர்ப் பெரியவர்களைத் துணைக்கொண்டு, ஒரு கிணற்றையேனும் தூர்வாரி இராட்டினம் பூட்டிவிட்டு வருவோமா?