மாப்பிள்ளைத் தோழன்

ஜானவாச ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் மாலை உண்டு, சந்தனம் உண்டு, காரில் இடமும் உண்டு. அதற்காக, மாப்பிள்ளை வரத் தாமதமாகிறது, முகூர்த்தம் தவறுகிறது என்று சொல்லி அந்தப் பையன் தாலியைக் கட்டிவிட முடியுமா?

அமெரிக்க உபஜனாதிபதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகந்தான் வருகிறது. நான் இண்டர்மீடியட்டோடு படிப்பை நிறுத்தியவன். சட்டப் புலி அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் என் போன்றவனுக்கும் புரியும்படிதான் இருக்கிறது. அந்நாட்டு அரசியல் சாஸனப்படி படைகளின் பிரதம சேனாதிபதி ஜனாதிபதி. 1986-ம் வருஷத்துச் சட்டப்படி யுத்த உத்தரவு அவரிடமிருந்து பாதுகாப்பு மந்திரிக்கும், அவரிடமிருந்து களத்துத் தளபதிகளுக்கும் போகிறது. இந்தச் சங்கிலியில் உபஜனாதிபதி என்ற கண்ணியே கிடையாது. செனட் சபைக்குத் தலைமை வகிப்பதும், இரு பக்கமும் ஓட்டு சமமானால் தம் ஓட்டைப் போடுவதுமே சாஸனம் அவருக்குத் தந்த வேலை.

இதைச் சொன்னால் என் நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "வீடு பற்றி எரிகிறபோது பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பீரோ?" என்கிறார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே கேள்வி தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி அல்ல; உயிரை எடுப்பதைப் பற்றி.

2001 செப்டம்பர் 11-ந் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனாதிபதி புஷ் ஃப்ளாரிடாவிலிருந்து கிளம்பி ஆகாயத்தில் இருந்தார். உபஜனாதிபதி டிக் சேனி வெள்ளை மாளிகையின் நிலவறையில் இருந்தார். இன்னொரு விமானம் வாஷிங்டனை நெருங்குகிறது என்று தகவல் வந்தது. காலை 10-10க்கும் 10-15க்கும் இடையில், அதைச் சுட்டு வீழ்த்தலாம் என்று சேனி அனுமதி தந்தார். விமானம் என்றால் வெறும் தகரமா? உள்ளே டிக்கட் வாங்கி ஏறிய பிரயாணிகள் இருந்தார்கள்!

ஜனாதிபதி முன்பே டெலிபோனில் சம்மதம் தந்துவிட்டார் என்று இருவரும் பிற்பாடு சொன்னார்கள். ஆனால் 2004-ல் அறிக்கை வெளியிட்ட விசாரணைக் கமிஷன், அன்றைக் காலைக் குறிப்புகளில் அப்படி ஒரு சம்பாஷணைக்கு எழுத்து ஆதாரம் அகப்படவில்லை என்று எழுதிவைத்தது. பக்கத்திலிருந்த அதிகாரி ஒருவர் யோசனை சொன்ன பிறகு, 10-18க்கு சேனி டெலிபோனில் கேட்டு உறுதி செய்துகொண்டார். அதற்குள் அந்த விமானம் விழுந்து கால் மணி ஆகிவிட்டது. பிரயாணிகளே கடத்தல்காரர்களை எதிர்த்ததில், 10-03க்கே அது பென்ஸில்வேனியா வயலில் விழுந்து, எல்லோரும் மாண்டுபோனார்கள். வாஷிங்டனைச் சுற்றிக்கொண்டிருந்த லாங்லி விமானிகளுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவே இல்லை.

சேனி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஒரு விமானத்து ஜனங்களின் உயிர் யார் வார்த்தையில் தொங்கியது என்பதற்கு ஒரு வரிகூட எழுத்தில் இல்லையே, அதைத்தான் சொல்கிறேன். அடுத்த வருஷம், 2002 ஜூனில், அதே ஜனாதிபதி குடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து போட்டுக்கொண்டார். அப்போது முறைப்படி கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, சில மணி நேரத்துக்கு அதே சேனியிடம் அதிகாரத்தை ஒப்படைத்தார். 1967-ல் வந்த இருபத்தைந்தாவது திருத்தம் அதற்கு வழி வைத்திருக்கிறது. அந்தச் சில மணி நேரம் சேனி சொன்னால் படைகள் கேட்டிருக்கும், கேட்கவும் வேண்டும். அமைதியாக இருந்த நாளில் இத்தனை சிரத்தை. ஆபத்து நாளில் வெறும் வாய்ச்சொல்லா?

ஆபத்திலும் வரம்பைக் காத்தவர் உண்டு. 1981 மார்ச்சில் ஜனாதிபதி ரீகனைச் சுட்டுவிட்டார்கள். டெக்ஸாஸிலிருந்து விரைந்து வந்த உபஜனாதிபதி புஷ், மேலே சொன்ன புஷ்ஷின் தகப்பனார், ஹெலிகாப்டரில் நேரே வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இறங்கலாம் என்று சொன்னார்கள். அங்கே இறங்குவது ஜனாதிபதி ஒருவரே என்று மறுத்துவிட்டு, தம் வீட்டுக்குப் போய், அங்கிருந்து காரில் வந்தார். சில நிமிஷம் தாமதந்தான். அதனால் அமெரிக்கா கவிழ்ந்துவிடவில்லை.

அப்படியானால் உபஜனாதிபதி கொலுப் பொம்மையா? அதுவும் கூடாது. 1945-ல் ட்ரூமன் எண்பத்திரண்டு நாள் அந்தப் பதவியில் இருந்தார். அணுகுண்டு தயாராகிறது என்று அவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை. ரூஸ்வெல்ட் இறந்த அன்று மாலைதான் யுத்த மந்திரி ஸ்டிம்ஸன் லேசாகக் காதில் போட்டார். முழு விவரம் தெரிய ஏப்ரல் 25 ஆயிற்று. நாலு மாதத்துக்குள் ஹிரோஷிமா. அந்தத் தப்பு மறுபடி நேராமல், 1949-ல் தேசப் பாதுகாப்புக் கவுன்ஸிலில் உபஜனாதிபதிக்குச் சட்டப்படி நாற்காலி போட்டார்கள். அது கேட்டுத் தெரிந்துகொள்ளவும் யோசனை சொல்லவும் போட்ட நாற்காலி. உத்தரவு போடப் போட்டது அல்ல.

என் நண்பர் இதைப் படித்துவிட்டு நாளைக்குச் சண்டைக்கு வருவார், வரட்டும். காப்பி கொடுத்து உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்பேன்: "அந்த விமானத்தில் உம்முடைய பெண் இருந்திருந்தால், அதைச் சுடச் சொன்னது யார், எந்த அதிகாரத்தில் சொன்னார் என்று கேட்காமல் இருந்திருப்பீரா?"