ஷேர் பண்றதுக்கு முன்னாடி மூணு வேலை இருக்கு

"யாருக்காவது தெரியுமா?"

நம்ம டிபார்ட்மென்ட் குரூப்ல ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது வர்ற கேள்வி இது. ரெக்கார்ட் என்னைக்கு சப்மிட் பண்ணணும், அந்த எலெக்டிவ் எடுக்கலாமா, இந்தக் கம்பெனி இன்டர்வியூல என்ன கேப்பாங்க. பதிலா என்ன வரும்னும் உங்களுக்குத் தெரியும். "சேம் டவுட்". ஒரு கட்டைவிரல். எங்கிருந்தோ வந்த 40 பக்க பிடிஎஃப், அனுப்பினவரே அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார். கடைசியா வரிசையா "ஆல் தி பெஸ்ட்" ஸ்டிக்கர்.

இதையெல்லாம் சேர்த்துத்தான் நாம ஷேரிங்னு சொல்றோம். ஆனா ஷேர் பட்டனை அழுத்துறது கடைசிப் படி. அதுக்கு முன்னாடி மூணு வேலை நடந்திருக்கணும். பட்டவர் வாய் திறந்து சொல்லணும். அதை ஒருத்தர் எழுதி வைக்கணும். கேட்டவரோட யாராவது கூட நிக்கணும். இந்த மூணும் இல்லாத ஷேர், காத்துல விட்ட பட்டாசு மாதிரி. சத்தம் வரும், அவ்வளவுதான்.

சும்மா தத்துவம் பேசல. இதுக்கு சாட்சி நமக்குப் பக்கத்துலயே, பழனி மலைல இருக்கு.

'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததுக்கப்புறம் உங்கள்ல முக்கால்வாசிப் பேர் கொடைக்கானல் போய் குணா குகைல ரீல்ஸ் எடுத்திருப்பீங்க. அதே ஊர்ல, பாம்பார் சோலைக் காட்டை ஒட்டி, ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல வாட்டர்டவுன்ங்கற ஊர்ல இருந்து 1980கள்ல இடம் மாறி இங்க வந்த ஆலை. கொண்டு வந்தது செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம். 1987இல் அந்த நிறுவனத்தை யூனிலிவர் உலக அளவுல வாங்கினதும் ஆலையும் அவங்க கைக்குப் போச்சு. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடித் தெர்மாமீட்டர் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்பினாங்க. உள்ளே இருந்தது பாதரசம்.

பாதரசத்தை நாம எல்லாரும் லேப்ல பார்த்திருக்கோம். கீழே சிந்தினா வெள்ளி முத்து மாதிரி உருண்டு ஓடும், பார்க்கவே அழகா இருக்கும். பிரச்சனை என்னன்னா, சாதாரண அறை வெப்பத்திலேயே அது கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூச்சோட உள்ளே போய் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆசிட்னா கை எரியும், அமோனியான்னா மூக்கு எரியும், உடனே விலகி நிப்போம். பாதரச ஆவியை நம்ம உடம்பு அந்த மாதிரி கண்டுபிடிக்காது. அதோட வேலை செய்யுற தொழிலாளிக்கு, தெரிஞ்ச இன்னொருத்தர் வந்து சொன்னாத்தான் உண்டு. அங்க தகவல்தான் சென்சார்.

தங்களுக்கு அதோட ஆபத்தை யாரும் சரியா சொல்லலைன்னும், போதுமான பாதுகாப்பு தரலைன்னும்தான் பின்னாடி அந்தத் தொழிலாளர்கள் சொன்னாங்க. நிறுவனம் இதை ஏத்துக்கல. தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால பாதிப்பு இல்லைன்னுதான் அவங்க தொடர்ந்து சொல்லிட்டு வர்றாங்க. ஆனா ஒண்ணை அவங்களே ஒத்துக்கிட்டாங்க: பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல, விதிமுறைக்கு மாறா, ஒரு பழைய சாமான் வியாபாரிக்கு விற்கப்பட்டிருக்கு. 2001 மார்ச்ல ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும், கிரீன்பீஸும் அந்தக் குப்பையை மூஞ்சிக்கல் பக்கத்துக் காயலான் கடையில வச்சே உலகத்துக்குக் காட்டினாங்க. அந்த மாசமே ஆலை நின்னுச்சு. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

கவனிங்க, 2001இல் நம்ம ஊர்ல யாருக்கும் வாட்ஸப் கிடையாது, யூடியூப் கிடையாது. வேலை போன தொழிலாளர்கள் என்ன செஞ்சாங்க? முன்னாள் தொழிலாளர் நலச் சங்கமா சேர்ந்தாங்க. சேர்ந்து, 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. ஒரு வழக்குக்கு என்ன வேணும்னு யோசிச்சுப் பாருங்க. யார் எந்தப் பிரிவுல எத்தனை வருஷம் வேலை பார்த்தாங்க, என்ன உடம்புக்கு, எந்த டாக்டர்கிட்ட போனாங்க, சீட்டு இருக்கா. தனித்தனியா இருந்தப்ப "எனக்கு ஏதோ உடம்பு சரியில்ல"ன்னு இருந்த விஷயம், ஒண்ணா உட்கார்ந்து சொன்னப்பதான் ஒரு பேட்டர்னா தெரிய ஆரம்பிக்கும். நான் மேல சொன்ன முதல் ரெண்டு வேலை இதுதான். மலையிலயும் சென்னையிலயும் சில சூழல் ஆர்வலர்கள் வருஷக்கணக்கா விடாம அவங்க கூட நின்னாங்க. அது மூணாவது வேலை.

அதுக்கப்புறம்தான் ஷேர் பட்டன் வருது. 2015 ஜூலை 30ஆம் தேதி, சோஃபியா அஷ்ரஃப்ங்கற சென்னை ராப் பாடகி 'கொடைக்கானல் வோன்ட்'ங்கற வீடியோவை வெளியிட்டாங்க. நிக்கி மினாஜோட ஹிட் பாட்டு மெட்டுல, ஏறக்குறைய மூணு நிமிஷம். கூடவே ஒரு கையெழுத்து மனு. சில நாள்ல லட்சக்கணக்கான பேர் பார்த்தாங்க. நிக்கி மினாஜே ட்விட்டர்ல அதைப் பகிர்ந்தாங்க. யூனிலிவரோட அன்றைய தலைமை அதிகாரி பால் போல்மன் ட்விட்டர்லயே பதில் சொல்ல வேண்டிய நிலைமை. 2016 மார்ச்ல நிறுவனத்துக்கும் சங்கத்துக்கும் சமரச ஒப்பந்தம் ஆச்சு. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் தொகை. எவ்வளவுன்னு வெளியிடல. மனிதாபிமான அடிப்படையில தர்றோம்னுதான் நிறுவனம் சொன்னது.

இந்த இடத்துல நீங்க என்னை மடக்கலாம். "ஒன்பது வருஷம் கோர்ட்ல கிடந்த விஷயம், வீடியோ வந்து எட்டு மாசத்துக்குள்ள முடிஞ்சிருச்சே. அப்போ வைரல்தானே வேலை செஞ்சது?" நியாயமான கேள்வி. வீடியோ இல்லன்னா இன்னும் எத்தனை வருஷம் இழுத்திருக்குமோ. அதை நான் குறைச்சு சொல்லல. ஆனா அந்த அழுத்தம் வந்தப்போ மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார ஒரு சங்கம் இருந்தது. அதுகிட்ட உறுப்பினர் பட்டியல் இருந்தது. வழக்கு எண் இருந்தது. "என்ன வேணும் உங்களுக்கு?"ன்னு கேட்டா சொல்ல ரெடியா பதில் இருந்தது. அது இல்லாம வீடியோ மட்டும் வந்திருந்தா, அடுத்த வாரம் நாம வேற ட்ரெண்டுக்குப் போயிருப்போம்.

2018ல இதுக்குத் தொடர்ச்சியா இன்னொரு பாட்டு வந்தது. டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து பாடினார். இந்தத் தடவை விஷயம் மண்ணைச் சுத்தம் பண்றது. ஒரு கிலோ மண்ணுல 20 மில்லிகிராம் வரைக்கும் பாதரசம் இருக்கலாம்ங்கற அளவு போதாது, இதே நிறுவனம் பிரிட்டன்ல இப்படி விட்டுட்டுப் போக முடியுமாங்கறது கேள்வி. நல்ல கேள்வி. ஆனா முதல் பாட்டு அளவுக்குப் பரவல. மண்ணுல பாதரசம் எவ்வளவு இருக்கலாம்ங்கறது நம்ம ஃபீடுக்கு சுவாரசியமான விஷயம் இல்ல போல.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன? நாம எல்லாம் கோடிங் ஜாப்க்குப் போற கேஸ்தானேன்னு நினைக்காதீங்க. மெக்கானிக்கல், கெமிக்கல், புரொடக்ஷன் பசங்கள்ல பாதிப் பேர் இன்னும் சில மாசத்துல ஏதோ ஒரு ஆலையோட ஷாப் ஃப்ளோர்ல நிப்பாங்க. மூணாம் வருஷப் பசங்க இப்பவே இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்கு லெட்டர் வாங்கிட்டு இருக்காங்க.

போன செமஸ்டர்ல ஒரு ஜூனியர் குரூப்ல கேட்டான்: "அண்ணா, அக்கா, ஒரு பிளேட்டிங் யூனிட்டுக்கு டிரெய்னிங் போறோம், எப்படி இருக்கும்?" பதிமூணு பேர் ஸ்டிக்கர் போட்டாங்க. ஒரே ஒரு அக்கா ஆறு வரி எழுதினாங்க. டேங்க் பக்கத்துல தொண்டை பிடிக்கும், எக்ஸாஸ்ட் ஒரு பக்கம் மட்டும்தான் ஓடும், அந்தப் பக்கமா நில்லுங்க. கேட்காம கிளவுஸ் தரமாட்டாங்க, முதல் நாளே சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்குங்க. ஷூ போடாம போகாதீங்க. ஏதாவதுன்னா எனக்குக் கூப்பிடுங்க, நம்பர் இதான். அந்தப் பையனுக்கு அந்த ஆறு வரி போதும். துக்கம் என்னன்னா, ரெண்டு நாள்ல அது மீம்ஸுக்குக் கீழே புதைஞ்சு போச்சு. அடுத்த பேட்ச் மறுபடி முதல்ல இருந்து கேட்கும்.

அதனால ஒரு யோசனை. டிரெய்னிங் முடிச்சு வர்ற ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு பக்கம் எழுதுவோம். அங்க என்னென்ன பொருள் கையாள்றாங்க, டிரம் லேபிள்ல என்ன பேர் இருந்தது? அதோட சேஃப்டி டேட்டா ஷீட் எங்க வச்சிருந்தாங்க? என்ன பாதுகாப்புச் சாமான் கொடுத்தாங்க? உங்களுக்கு உடம்புல என்ன பண்ணுச்சு? யாரைக் கேட்டா பதில் கிடைச்சது? போன தேதி. எல்லாம் ஒரே டிரைவ் ஃபோல்டர்ல. சாட்ல போட்டா நாலு நாள் இருக்கும், ஃபோல்டர்ல போட்டா நாலு பேட்ச் தாங்கும்.

கம்பெனி பேரை எழுதினா சர்டிஃபிகேட் கிடைக்காதேன்னு பயம் இருக்கும், புரியுது. பார்த்ததை மட்டும் எழுதுங்க, தீர்ப்பு எழுத வேண்டாம். "எக்ஸாஸ்ட் ஃபேன் ரெண்டுல ஒண்ணு ஓடல" போதும், "மோசமான கம்பெனி" வேண்டாம். கேள்விப்பட்டதை எழுதாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு போடுங்க, அதுவும் ஒரு தகவல்தான்.

இது நாம புதுசா கேட்கிற சலுகையும் இல்ல. போபாலுக்கு அப்புறம், 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினாங்க. வேலை இடத்துல தன் உடல்நலம், பாதுகாப்பு பத்தின தகவலை நிர்வாகத்துக்கிட்ட கேட்டு வாங்குற உரிமை தொழிலாளிக்கு உண்டுன்னு 111ஏ பிரிவு சொன்னது. பாதரச நச்சு அந்தச் சட்டத்தோட தொழில்நோய்ப் பட்டியல்லயே இருந்தது. இந்த ரெண்டும் புத்தகத்துல இருந்த வருஷங்கள்லதான் கொடைக்கானல் ஆலை 2001 வரைக்கும் ஓடுச்சு. சட்டம் புத்தகத்துல இருந்தா பத்தாது, பக்கத்துல நிக்கிறவர் எடுத்துச் சொல்லணும்.

அந்தப் பக்கத்துல நிக்கிறவர் சீக்கிரமே நாமதான். நானும் எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம், உங்கள்ல நிறைய பேரும் அப்படித்தான். சேஃப்டி டேட்டா ஷீட் இங்கிலீஷ்ல இருக்கும், டிரம்மைத் தூக்குற அண்ணனுக்குத் தமிழ்தான் தெரியும். நடுவுல நிக்கப் போறது ட்ரெய்னி இன்ஜினியர். அந்தத் தாளைப் படிச்சு, "அண்ணே, இது ஆவியாகும், மூடி போடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க"ன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? தெர்மாமீட்டர் ஆலையிலயும் நம்மள மாதிரி படிச்சவங்க இருந்திருப்பாங்க.

இந்த வாரம் முதல் பக்கத்தை நான் எழுதிப் போடுறேன். போன வருஷம் டிரெய்னிங் போனவங்க மறக்கிறதுக்குள்ள உங்க பக்கத்தை எழுதுங்க. அதுக்கப்புறம் லிங்க்கை எவ்வளவு வேணா ஷேர் பண்ணுங்க.